ஜப்பானில் வீட்டுக்குள் அணிய எதை வாங்குவது?

ஜப்பானில் குடியேறப்போகும் தமிழ்க் குடும்பத்துக்கு, வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழற்றிய பிறகு காலில் எதைப் போட்டுக்கொள்வது என்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நம் வீடுகளில் அதற்குப் பெரும்பாலும் விடை வெறுங்கால். ஜப்பானியக் கடைகளிலோ சுரிப்பா, ரூம் ஷூஸ், துணி ஸோரி, தாபி, உவாபாகி என்று வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இவை எதுவும் இல்லாமல் வெறும் காலுறையோடு நடப்பதும் அங்கே முறையான ஒரு தேர்வுதான். இவற்றில் எதை உடனே வாங்குவது, எதற்குக் காத்திருப்பது, எதை வாங்காமலே விட்டுவிடுவது என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளே அணியும் காலணியை ஜப்பானில் காலைப் பார்த்து வாங்கக் கூடாது, தரையைப் பார்த்து வாங்க வேண்டும். எந்தத் தரைக்கு எது உரியது என்பது மனத்தில் பதிந்துவிட்டால், கடையில் கண்ணைக் கவரும் பொருள்களில் பாதி தேவையற்றவை என்று தானாகவே தெரிந்துவிடும்.

ஆகவே தரையிலிருந்தே தொடங்குகிறேன். வாசல் கதவைத் திறந்ததும் காலடியில் இருக்கும் தாழ்வான பகுதிக்கு கென்கான் என்று பெயர். அதன் தளத்தைத் தாதாகி என்பார்கள். பழைய காலத்தில் மண், சுண்ணாம்பு, உப்பளக் கசப்புநீர் ஆகிய மூன்றையும் கலந்து இடித்து இறுக்கிய தளம் அது, இன்று பெரும்பாலும் ஓடு அல்லது சிமென்ட். கதவுக்கு உட்புறம் இருந்தாலும் தாதாகி வெளித்தரையாகவே கருதப்படுகிறது. அதற்கு மேலே ஒரு படி உயரத்தில் அகாரிகாமாச்சி என்ற மரவிளிம்பு இருக்கும். வீட்டின் உள்தரை அங்கேதான் தொடங்குகிறது. இந்த உயர வேறுபாட்டுக்கு வழக்கம் மட்டும் காரணம் இல்லை. ஈரப்பதம் மிகுந்த அந்த நாட்டில், மரத்தால் ஆன கீழ்த்தளத்தின் தரை, அடியில் காங்கிரீட் போன்ற தடுப்பு இல்லாவிட்டால், நிலத்திலிருந்து குறைந்தது 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டட விதியே சொல்கிறது. பழைய மர வீடுகளில் அந்த விளிம்பில் வசதியாக உட்கார்ந்து காலணியைக் கழற்றலாம். புதிய அடுக்ககங்களில் படி சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது, சிலவற்றில் தரையின் நிறம் மாறுவதை வைத்துத்தான் எல்லையை அறிய வேண்டியிருக்கிறது. ஆனாலும் எல்லை எல்லைதான். கழற்றிய காலைத் தாதாகியின்மேல் ஊன்றிவிட்டு அதே காலுறையோடு மேலே ஏறினால், காலணியைக் கழற்றியதன் பயனே போய்விட்டது என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். ஒரு காலைக் காலணியிலிருந்து உருவி நேராக மேல்தரையில் வைத்துவிட்டு, அதன் பிறகு அடுத்த காலை உருவ வேண்டும்.

மேலே ஏறிய பிறகும் தரை ஒரே தரையாக இருப்பதில்லை. நடைபாதை, சமையலறை, கூடம் ஆகியவற்றில் மரத்தரை. ஜப்பானிய முறை அறையில் கோரையால் நெய்த தத்தாமிப் பாய்த்தரை. கழிப்பறை தனித் தரை. துணி உலர்த்தும் பால்கனி மறுபடியும் வெளித்தரை. பால்கனிக்கென்று ஒரு ஜோடி ரப்பர் அல்லது பிளாஸ்டிக் செருப்பு அங்கேயே கிடக்கும், அது உள்ளே வராது. இந்த நான்கைந்து தரைகளையும் ஒரே காலணியால் கடந்துவிடலாம் என்று நினைப்பதுதான் புதிதாக வருகிறவர்களின் செலவுக்கும் சங்கடத்துக்கும் காரணம்.

இனித் தேர்வுகள். முதலில் சுரிப்பா, அதாவது நாம் ஸ்லிப்பர் என்று சொல்வதன் ஜப்பானிய வடிவம். பின்புறம் திறந்த, மெல்லிய, மேல்பக்கம் பட்டையாக மூடிய இந்தக் காலணி பழைய ஜப்பானிய மரபைச் சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மெய்ஜி காலத்தில், வெளிநாட்டவர்கள் ஷூவோடு வீட்டுக்குள் வந்துவிடும் சிக்கலைத் தீர்க்க, தோக்கியோவில் தையல்காரராக இருந்த தொக்குனோ ரிஸாபுரோ என்பவர் 1876ஆம் ஆண்டு வாக்கில் இதை வடிவமைத்தார் என்று சொல்லப்படுகிறது. அன்று அதை ஷூவின் மேலேயே மாட்டிக்கொள்ள வேண்டியிருந்ததாம். மேற்கத்திய முறையில் மரத்தரை போட்ட வீடுகள் பெருகியபோதுதான் அது ஜப்பானியர்களின் சொந்தக் கால்களுக்கு வந்தது. இன்றும் பெரும்பாலான சுரிப்பாக்களில் இடது வலது வேறுபாடு இருக்காது. விருந்தினர் அவசரமாக எந்தக் காலில் எதை நுழைத்தாலும் சரியாக இருக்கும் என்பது அதன் பெரிய வசதி.

சுரிப்பாவின் பலம் குளிர்காலத்தில் தெரியும். ஜப்பானிய வீடுகளில் பெரும்பாலும் இருக்கும் அறையை மட்டுமே சூடாக்குவார்கள். நடைபாதையும் சமையலறையும் சனவரி மாதத்தில் பனிக்கட்டி போலச் சில்லிட்டுக் கிடக்கும். அந்தத் தரையில் காலை உணவு சமைக்கிறவருக்குச் சுரிப்பா ஆடம்பரம் இல்லை. விலையும் குறைவு. நூறு யென் கடைகளில் வரியோடு 110 யென்னுக்குக்கூடக் கிடைக்கும். நித்தோரி, முஜி போன்ற கடைகளில் இன்னும் தரமானவை கிடைக்கும். யமகதா மாகாணத்தின் கஹோகு என்ற ஊர் இந்தத் தொழிலுக்கே பெயர்பெற்றது.

பலவீனங்கள் மூன்று. முதலாவது, தத்தாமியில் அதை அணியவே கூடாது. கோரைப்பாயின் மேற்பரப்பு சுரிப்பாவின் அடிப்பகுதி உராய்ந்தால் நைந்துவிடும். அதோடு, தத்தாமி உட்காரவும் படுக்கவும் ஆன இடம், காலணி எதுவும் படக்கூடாத இடம். ஆகவே தத்தாமி அறையின் வாசலில் சுரிப்பாவைக் கழற்றி வைக்க வேண்டும், திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். தத்தாமி அறை வீட்டின் நடுவில் இருந்தால் ஒரு நாளில் எத்தனை முறை கழற்றி மாட்டுவது என்று எண்ணிப்பாருங்கள். இரண்டாவது, மாடிப்படியிலும் வழுவழுப்பான மரத்தரையிலும் அது எளிதில் நழுவும். ஜப்பானிய மருத்துவமனைகள் உள்நோயாளிகளுக்குத் தரும் குறிப்புகளில், விழும் ஆபத்து இருப்பதால் சுரிப்பா வேண்டாம், குதிகால் மூடிய, பழகிய ஷூவைக் கொண்டுவாருங்கள் என்று எழுதியிருப்பது வழக்கம். பேரக்குழந்தையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பாவுக்கோ மாமியாருக்கோ சுரிப்பாவை வாங்கி வைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். பழக்கமில்லாத காலுக்கு, பழக்கமில்லாத படியில், அது உதவியை விட ஆபத்தே அதிகம். மூன்றாவது குறை அளவு. விருந்தினர் சுரிப்பாக்கள் பெரும்பாலும் ஒரே அளவில் வருபவை. ஊரில் எட்டு, ஒன்பது அளவு ஷூ அணியும் ஆண்களின் குதிகால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

இந்த மூன்றாவது குறையிலிருந்து வெளியிடங்களில் தப்ப முடியாது. பிறர் வீட்டில் கொடுக்கும் சுரிப்பாவை, அளவு சிறியதாக இருந்தாலும், வாங்கி அணிவதுதான் மரியாதை. அதை வெறுங்காலில் அணிவது மட்டும் நன்றாக இருக்காது. பலர் அணியும் பொருள் என்பதால், கோடைகாலத்தில் செருப்போடு வெளியே போகிறவர்கள்கூடக் கைப்பையில் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொண்டு, கென்கானில் அதை மாட்டிக்கொண்ட பிறகு ஏறுவார்கள். விருந்தினராகப் போகும்போது செய்யவேண்டிய இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டாரைப் பார்த்தபடியே நேராக ஏறிவிட வேண்டும். ஏறியதும், அவர்களுக்கு முதுகு காட்டாமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி முழங்காலிட்டு, கழற்றிய காலணியின் முன்பகுதி கதவைப் பார்க்கும்படி இரண்டையும் சேர்த்துத் திருப்பி, ஓரமாக நகர்த்தி வைக்க வேண்டும். காலணியைத் திருப்புவது எளிதாக இருக்கும் என்று கதவைப் பார்த்து நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடி பின்னோக்கி ஏறுவது தவறு. ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தச் செயலை ஜப்பானியர்கள் கவனிக்கிறார்கள். குழந்தைகளுக்கு இதைச் சிறுவயதிலேயே கற்றுக்கொடுக்கிறார்கள்.

கழிப்பறைச் சுரிப்பாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கழிப்பறை வாசலில் நடைபாதைச் சுரிப்பாவைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் தனிச் சுரிப்பாவை அணிந்து, திரும்பும்போது அதை அங்கேயே, அடுத்தவர் கால் நுழைக்க வசதியாகத் திருப்பி விட்டுவிட்டு வர வேண்டும். அதை மறந்து கூடத்துக்கே அணிந்து வந்துவிடுவதுதான் வெளிநாட்டவர்களைப் பற்றி அங்கே அதிகம் பேசப்படும் தவறு. மரபுவழி விடுதிகளான ரியோகான்களிலும் பழைய உணவகங்களிலும் இது பெரும்பாலும் இருக்கும். புதிய அடுக்ககங்களில் பலர் வைப்பதில்லை. உங்கள் வீட்டுக்கு வேண்டுமா என்றால், விருந்தினர் அடிக்கடி வருவார்கள் என்றால் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தேவையில்லை.

சுரிப்பாவின் குறைகளைக் களைய வந்தது ரூம் ஷூஸ் என்று அழைக்கப்படும் வகை. குதிகாலும் மூடியது, அடிப்பகுதியில் வழுக்காத புள்ளிகளோ மெல்லிய ரப்பரோ கொண்டது, பெரும்பாலும் கம்பளி அல்லது தடித்த துணியால் ஆனது. மாடிப்படிகள் உள்ள வீட்டுக்கும், முதியவர்களுக்கும், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களுக்கும் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். சுரிப்பாவைப் போல இதையும் தத்தாமியில் அணியக் கூடாது, கழற்றி மாட்டுவது சுரிப்பாவைவிடச் சற்றுச் சிரமம். ஆகவே தத்தாமி அறையே இல்லாத, முழுவதும் மரத்தரை போட்ட வீட்டுக்கு இது மிகப் பொருத்தம். தத்தாமி அறை ஒன்றோ இரண்டோ உள்ள வீட்டுக்கு அவ்வளவு பொருந்தாது.

நுனோஸோரி என்ற துணி ஸோரியும் இந்த வரிசையில் வரும். பழைய துணியை நாடாக்களாகக் கிழித்து, ஸோரி என்ற வைக்கோல் செருப்பை முடையும் அதே முறையில் முடைந்து, விரலிடுக்கில் வாரோடு செய்கிறார்கள். நம் செருப்புக்குப் பழகிய காலுக்கு முதல் நாளிலேயே இசைந்துவிடும். முடிச்சு முடிச்சான அதன் மேற்பரப்பு உள்ளங்காலுக்கு இதமாகவும், வியர்வை ஒட்டாமலும் இருக்கும். சூன் முதல் செப்டம்பர் வரை நீளும் புழுக்கத்துக்கு இதற்கு இணை வேறில்லை. குளிர்காலத்தில் இதை அணிய வேண்டுமானால் பெருவிரல் பிரிந்த காலுறை வேண்டும். கைத்தொழிலாகச் செய்பவை என்பதால் விலை கூடுதல், துவைத்தால் காய நாளாகும். கோடையைப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்ற வகையில் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தாபி வேறொரு உலகம். பெருவிரலையும் மற்ற நான்கு விரல்களையும் பிரித்து, நெய்த துணியில் வெட்டித் தைத்த இந்தக் காலுறை நீளாது, சுருங்காது. கால் அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். அதனால்தான் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் அளவுகள் விற்கிறார்கள். கணுக்காலின் உட்புறத்தில் கொஹாஸே என்ற மெல்லிய உலோகத் தகடுகள் நான்கோ ஐந்தோ இருக்கும். மேற்பாதியைப் புறமாக மடித்து, விரல்களை நுழைத்து, குதிகாலை இழுத்துப் பொருத்திய பிறகு, கீழ்த் தகட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எதிர்ப்புறத்து நூல் வளையத்தில் கொக்கி மாட்டுவதுபோல மாட்டிக்கொண்டே மேலே வர வேண்டும். நூல் வளையங்கள் இரண்டு வரிசையாக இருப்பதால் கணுக்காலின் பருமனுக்கு ஏற்ப இறுக்கலாம், தளர்த்தலாம். சைத்தாமா மாகாணத்தின் கியோதா நகரம் ஒருகாலத்தில் நாட்டின் தாபியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் தயாரித்தது. அங்கே தாபியைச் சேமித்து வைத்த பழைய கிடங்குகள் 2017இல் ஜப்பான் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தாபிக்குள் ஒரு தொழில் வரலாறும் இருக்கிறது. கியூஷூ தீவின் குருமே நகரில் தாபி தைத்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த இஷிபாஷி ஷோஜிரோ, ரப்பர் அடி ஒட்டிய வேலையாள் தாபியை 1923இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். அந்த ரப்பர் அனுபவத்தின் தொடர்ச்சியாக 1931இல் அவர் தொடங்கியதுதான் பிரிஜ்ஸ்டோன் டயர் நிறுவனம்.

இத்தனை பெருமை இருந்தும், புதிதாக வரும் குடும்பம் தாபியை வாங்க வேண்டியதில்லை. அன்றாடம் வீட்டில் அதை அணிபவர்கள் இன்று மிகச் சிலர். தேநீர்ச் சடங்கு கற்கப் போகிறீர்கள், கிமோனோ அணியப் போகிறீர்கள் என்றால் அது தேவைப்படும். நோ என்ற மரபு நாடக மேடையில் தாபி இல்லாமல் யாரும் கால் வைக்க மாட்டார்கள். தேநீர்ச் சடங்குக்கு ஒருமுறை விருந்தினராக மட்டும் போகிறவர், தெருவில் அணிந்து வந்த காலுறையை வாசலில் மாற்றி, கையோடு கொண்டுவந்த தூய வெள்ளைக் காலுறையை அணிந்தாலே போதும். பின்னலாடையில் செய்த தாபிக் காலுறைகள் தனியாக விற்கின்றன, அவை நீளும், எந்தக் காலுக்கும் பொருந்தும், துணி ஸோரியோடு சேரும்.

குழந்தை உள்ள குடும்பத்துக்கு மிக முக்கியமான காலணி உவாபாகி. பள்ளிக் கட்டடத்துக்குள் மட்டும் அணியும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ இது. சில வட்டாரங்களில் உவாகுட்ஸு என்பார்கள், வடகிழக்கில் ஸுக்கு என்ற சொல்லும் வழங்குகிறது. காலையில் குழந்தைகள் பள்ளியின் நுழைவுக்கூடத்தில் வெளிக்காலணியைக் கழற்றி, அலமாரியில் தத்தம் பெயரிட்ட சிற்றறையில் வைத்துவிட்டு, அதே சிற்றறையில் இருக்கும் உவாபாகியை அணிந்து வகுப்புக்குப் போவார்கள். அந்த அலமாரிக்குக் கெத்தாபாகோ என்று பெயர், மரக்கட்டைச் செருப்பான கெத்தாவை யாரும் பள்ளிக்கு அணியாத இக்காலத்திலும் பெயர் மாறவில்லை. முன்விரல் பகுதியிலும் அடியிலும் இருக்கும் ரப்பரின் நிறம் பல பள்ளிகளில் வகுப்புக்கு வகுப்பு மாறும். ஒரு குழந்தை எந்த ஆண்டு மாணவர் என்பதைக் காலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உவாபாகியில் இரண்டு வடிவங்கள் அதிகம் புழங்குகின்றன. புறங்காலில் குறுக்காக ஒரே எலாஸ்டிக் பட்டை போகும் பாலே ஷூ வடிவம் ஒன்று. புறங்காலில் முக்கோண வடிவில் எலாஸ்டிக் பொருத்திய மூடிய வடிவம் மற்றொன்று. முதலாவது விலை குறைவு, சிறு குழந்தை தானே மாட்டிக்கொள்ளும், விரைவில் உலரும்; ஆனால் ஓடும்போது குதிகால் நழுவ வாய்ப்புண்டு. இரண்டாவது காலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், உடற்பயிற்சிக் கூடத்தில் ஓடும் குழந்தைக்கு ஏற்றது. என்னைக் கேட்டால், இரண்டையும் அனுமதிக்கும் பள்ளியாக இருந்தால் இரண்டாவதையே வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் குழந்தை நாள் முழுவதும் அணியும் ஷூ இதுதான். வெளியே அணியும் ஷூவுக்குச் செலவழிப்பதில் பாதியாவது இதற்குச் செலவழிப்பது நியாயம். குருமேயில் 1873இல் தாபிக் கடையாகத் தொடங்கிய மூன்ஸ்டார் போன்ற நிறுவனங்கள் பல தரங்களில் இதைத் தயாரிக்கின்றன; பேரங்காடிகளிலும் குழந்தைப் பொருள் கடைகளிலும் கிடைக்கும்.

ஆனால் முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். எல்லாப் பள்ளிகளும் உவாபாகி கேட்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. கோபே நகரத்தில் பல பள்ளிகளில் இஸ்ஸொக்குஸேய் என்ற ஒற்றைக் காலணி முறை நடைமுறையில் இருக்கிறது. அங்கே குழந்தைகள் தெருவில் அணிந்த ஷூவோடே வகுப்பறைக்குப் போகிறார்கள். சில மழலையர் பள்ளிகளில் குழந்தைகளை உள்ளே வெறுங்காலோடு விடுவதையே வளர்ப்பு முறையாக வைத்திருக்கிறார்கள். உவாபாகி கேட்கும் பள்ளிகளிலும் வடிவம், ரப்பர் நிறம், பெயர் எழுத வேண்டிய இடம் எல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும். குதிகாலில் எழுதச் சொல்வார்கள், முன்பகுதியில் எழுதச் சொல்வார்கள், சில பள்ளிகள் குறிப்பிட்ட கடையில்தான் வாங்கச் சொல்லும். உடற்பயிற்சிக் கூடத்துக்குத் தனி ஷூ கேட்கும் பள்ளிகளும் உண்டு. சேர்க்கை விளக்கக் கூட்டத்தில் தரும் தாளைப் படித்த பிறகு வாங்குவதே சரி.

வாங்கியதோடு வேலை முடியாது. தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை குழந்தை உவாபாகியைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும், திங்கட்கிழமை வெள்ளையாகத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். வெந்நீரில் சோப்போ துவைக்கும் தூளோ கலந்து ஊறவைத்து, இதற்கென்றே விற்கும் சிறிய வளைந்த பிரஷ்ஷால் உட்பக்கம் முன்விரல் முனைவரை தேய்க்க வேண்டும். சோப்பை முழுவதும் அலசாவிட்டால் காய்ந்த பிறகு மஞ்சள் கறை படியும். வெயில் இல்லாத சூன் மாத மழைக்காலத்தில் ஞாயிறு இரவுக்குள் காயவைப்பதுதான் பெரும்பாடு. அதனால் பல வீடுகளில் இரண்டு ஜோடி வைத்துக்கொள்கிறார்கள். குழந்தையின் கால் வளரும் வேகத்தில் இரண்டாவது ஜோடி வீணாகவும் போகலாம் என்பதால், மழைக்காலம் தொடங்கும்போது அரை அளவு பெரிதாக இரண்டாவதை வாங்குவது நல்ல வழி.

பள்ளி பெற்றோரின் காலையும் விட்டுவைப்பதில்லை. வகுப்பைப் பார்க்க வரும் நாள், ஏப்ரல் மாதச் சேர்க்கை விழா, மார்ச் மாதப் பட்டமளிப்பு விழா ஆகியவற்றுக்கான அழைப்பில், சுரிப்பாவைக் கையோடு கொண்டுவரவும் என்று ஒரு வரி இருக்கும். பள்ளியிடம் விருந்தினர் சுரிப்பா சில ஜோடிகள் இருக்கும், எல்லாருக்கும் போதாது. கொண்டுபோகாதவர் மார்ச் மாதக் குளிரில் உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில் காலுறையோடு இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். இதற்கென்றே மடித்துப் பைக்குள் வைக்கும் கைச்சுரிப்பாக்கள் விற்கின்றன. விழாவுக்குக் கறுப்பு அல்லது கருநீலம் என்பது எழுதப்படாத விதி, சற்று உயர்ந்த குதி வைத்தவையும் பெண்களுக்குக் கிடைக்கும். வாசலில் கழற்றிய ஷூவைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் பையையும் எடுத்துச்செல்ல வேண்டும், ஏனென்றால் நூற்றுக்கணக்கான பெற்றோரின் காலணிகளுக்கு அலமாரியில் இடம் இருக்காது. குழந்தை உள்ள குடும்பத்தில் பெரியவர்கள் முதலில் வாங்க வேண்டியது இந்தக் கைச்சுரிப்பாவைத்தான், வீட்டுச் சுரிப்பா பிறகு.

நிலநடுக்கத்தையும் இந்த ஒப்பீட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவில் நிலம் அதிர்ந்து சன்னல் கண்ணாடியும் பாத்திரங்களும் உடைந்தால், படுக்கையிலிருந்து வாசல்வரை வெறுங்காலில் நடக்க முடியாது. 1995ஆம் ஆண்டு ஹான்ஷின் பெருநிலநடுக்கத்தில் இப்படிக் காலில் கண்ணாடி குத்திக் காயம்பட்டவர்கள் பலர். படுக்கைக்கு அருகில் தடித்த அடிப்பகுதி கொண்ட சுரிப்பாவோ ஷூவோ வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்நாட்டில் அறிவுறுத்துவது அதனால்தான். பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களே தங்குமிடங்களாக மாறும்போது, காலணியைக் கழற்றிவிட்டுத் தங்க வேண்டிய அந்தத் தரையிலும் அவசரப் பையில் இருக்கும் கைச்சுரிப்பா உதவும். மெல்லிய துணிச் சுரிப்பா இதற்குப் பயன்படாது, கண்ணாடித் துண்டு அதைத் துளைத்துவிடும். உட்புறம் வலுவான தகடு வைத்த சுரிப்பாக்கள் பேரிடர்ப் பொருள் பகுதியில் கிடைக்கின்றன. ஆளுக்கு ஒன்று வாங்குவதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

கடைசியாக, எதுவும் வாங்காத தேர்வு, அதாவது வெறும் காலுறை. தத்தாமி, மரத்தரை இரண்டிலும் தடையின்றி நடக்கலாம், கழற்றி மாட்டும் வேலை இல்லை, வழக்கப்படியும் முற்றிலும் சரி. ஜப்பானியக் குடும்பங்களிலேயே பலர் வீட்டுக்குள் சுரிப்பா அணிவதில்லை, விருந்தினருக்கு மட்டும் எடுத்துவைக்கிறார்கள். இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் பணத்தைக் காலுறையில் போடுங்கள். இஸாக்காயா உணவகத்தில் வாசலிலேயே ஷூவைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, எண் பொறித்த மரச்சாவியை எடுத்துக்கொண்டு போய், சக ஊழியர்களோடு தத்தாமியில் கால்நீட்டி உட்காரும் மாலை எந்த நாளும் வரலாம். அன்று கட்டைவிரலில் ஓட்டை விழுந்த காலுறை இருந்தால் மறைக்க வழியில்லை. கோயில்களிலும் அப்படித்தான், குளிர்ந்த மரத்தரையில் நீண்ட தூரம் காலுறையோடு நடக்க வேண்டியிருக்கும். அடியில் சிறு ரப்பர் புள்ளிகள் வைத்த தடித்த காலுறை வீட்டுக்குள் வழுக்காமலும் இருக்கும். வெறுங்காலைப் பொறுத்தவரை, உங்கள் சொந்த வீட்டில் யாரும் தடுக்கப்போவதில்லை. பிறர் வீட்டுத் தத்தாமியில் வெறுங்காலை வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் வைத்து நான் முடிவுசெய்வது இது. தனியாக வரும் மாணவரோ ஊழியரோ சிறிய ஒற்றையறை வீட்டில் இருப்பார். அவருக்கு நல்ல காலுறைகள், படுக்கை அருகே ஒரு வலுவான சுரிப்பா, பால்கனிக்கு ஒரு செருப்பு, இவ்வளவே போதும். தோக்கியோவின் நிஷிகசாய் போன்ற இந்தியர் மிகுந்த பகுதிகளில் மரத்தரை அடுக்ககத்தில் குடியேறும் தம்பதியர், சமையலறையில் அதிக நேரம் நிற்பவருக்கு மட்டும் குளிர்காலத்தில் ரூம் ஷூஸ் வாங்கிக்கொண்டு, விருந்தினருக்கு இரண்டு அல்லது நான்கு சுரிப்பாக்களை ஒரே மாதிரியாக வாங்கி வைக்கலாம். பள்ளிக் குழந்தை உள்ளவர்கள் பெற்றோருக்குக் கறுப்புக் கைச்சுரிப்பாவை உடனேயும் உவாபாகியைப் பள்ளி அறிவிப்புக்குப் பிறகும் வாங்க வேண்டும். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கினால் அவர்களுக்குக் குதிகால் மூடிய ரூம் ஷூஸ்தான், வேறெதுவும் வேண்டாம். தத்தாமி அறைகள் நிறைந்த பழைய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் சுரிப்பாவுக்கான செலவை மிச்சப்படுத்தி, கம்பளிக் காலுறையும் தாபிக் காலுறையும் வாங்கிக்கொள்ளலாம்.

அளவு பற்றி ஒன்று. ஜப்பானில் காலணி அளவைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள், அது பாதத்தின் நீளத்தைக் குறிப்பது. புறப்படுமுன் மாலை நேரத்தில், சுவரோடு குதிகாலை ஒட்டி நின்று, ஒவ்வொருவருடைய இரண்டு பாதங்களையும் காகிதத்தில் குறித்து அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 28 செ.மீ.க்கு மேல் கால் உள்ள ஆண்களுக்குச் சாதாரணக் கடைகளில் தேர்வு மிகக் குறைவு; அவர்களுக்கான சுரிப்பாவையும் தடித்த காலுறையையும் ஊரிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவது நல்லது.